படிவம் ஒன்பதில் இரண்டாவது கட்டம்

"மேல்கரைக் குடியரசின் வான்படை அமைச்சரும், அலைகடல் காத்த அண்ணலும், பாலம் தந்த பெருந்தகையும், முப்புகழ் வேந்தருமாகிய மாண்புமிகு குற்றாலிங்கம் அவர்களின் ஆணைப்படி, புதுமண் கோளின் வரலாற்றிலேயே முதன்முறையாக, மானுடம் இதுவரை கண்டிராத துல்லியத்துடன், நமது வீர விமானங்கள் இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பகைவரின் அப்பள ஆலை ஒன்றைத் தரைமட்டமாக்கின என்பதை உலகோர்க்கு அறிவிப்பதில் அரசு பேருவகை கொள்கிறது."

போரின் பன்னிரண்டாம் நாள் வெளியான அறிக்கை இது. எழுதியவர் சங்கரவடிவு என்ற பெண்மணி. பொருநை நகரில், வான்படை அமைச்சகத்தின் அறிக்கைப் பிரிவுக்குத் தலைமை அலுவலர், வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடமாக அமைச்சர்களுக்கு அடைமொழி தைத்துக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். ஆளுக்கு அளவெடுத்துத் தைப்பார். குற்றாலிங்கம் கொஞ்சம் பெரிய அளவு.

அறிக்கையில் மூன்று செய்திகள் உண்மை. நேரம் உண்மை, ஆலை உண்மை, அது தரைமட்டமானதும் உண்மை. விமானங்கள் குறிவைத்துப் போனது மட்டும் பதினொரு மைல் தள்ளியிருந்த விமானத் தளத்தை.

இந்தப் போர் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தாலும். புதுமண்ணில் மனிதர் குடியேறி நூற்று எண்பது ஆண்டுகள் ஆகின்றன. மேற்குக் கரையில் இறங்கியவர்கள் நெல்லைச் சீமைக்காரர்கள். கிழக்குக் கரையில் இறங்கியவர்கள் கொங்கு நாட்டார். முன்னவர்கள் தங்கள் தலைநகருக்குப் பொருநை நகர் என்றும், பின்னவர்கள் நொய்யல் நகர் என்றும் பெயர் வைத்துக்கொண்டு, நடுவில் கிடந்த கடலில் மீன்பிடித்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சண்டைக்குக் காரணமே கிடைக்காமல் நூற்று எழுபத்தொன்பது ஆண்டுகளை ஓட்டினார்கள். பிறகு இரண்டு அரசுகளும் சேர்ந்து கடலுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டின. பாலம் கட்டி முடிந்தது. திறப்புவிழாக் கல்வெட்டில் எந்த அமைச்சர் பெயர் முதலில் வருவது என்ற பேச்சு முடியவில்லை. கல்லை வட்டமாகச் செதுக்கிவிடலாம் என்றார் ஒரு பொறியாளர். வட்டத்துக்கும் மேல்பக்கம் உண்டே என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் போர்.

ஆனால் இரு தரப்பும் நாகரிகம் மிக்கவை. சட்டப்படிதான் சண்டை போடுவோம் என்று முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த வழியாக வந்த வணிக விண்கப்பல் ஒன்று இரண்டு கரைக்கும் ஒரே மாதிரிக் குண்டுகளை விற்றது. அந்தக் குண்டுகளை வழிதவற வைக்கும் குழப்பிக் கோபுரங்களையும் இரண்டு கரைக்கும் விற்றது. கடைசியாக, இரண்டுக்கும் பொதுவாக, நடுவரை விற்றது. வியாபாரி என்றால் அவன் வியாபாரி.

நடுவர் ஓர் எந்திரம். வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் அனுமதி இல்லாமல் எந்த விமானத்திலிருந்தும் குண்டு கழலாது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் தாக்கிய நாடு நண்பகலுக்குள் படிவம் ஒன்பதை நிரப்பி அனுப்ப வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம்: குறி எட்டியது. இரண்டாவது கட்டம்: குறி தவறியது. முதல் கட்டத்தில் குறியிட்டால், அடித்தது எந்த வகைப் பொருளோ அந்த வகை முழுவதும் அன்றுமுதல் இரு நாட்டுக்கும் முறையான இலக்கு. இரண்டாவதில் குறியிட்டால் ஒன்றுமில்லை. தவறு தவறாகவே போய்விடும். முன்பு இட்ட குறியைப் பின்னால் திருத்தினால், திறந்த வகை மூடிக்கொள்ளும்.

குண்டு எங்கே விழுந்தது என்று தளபதி வந்து சொன்னபோது குற்றாலிங்கம் முதலில் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, படைவீரன் சாப்பிடுவானா மாட்டானா என்று கேட்டார். சாப்பிடுவான் என்றார்கள். சோற்றுக்கு அப்பளம் உண்டா இல்லையா? உண்டு. அப்படியானால் அது ராணுவ இலக்கு. சங்கரவடிவு முதல் கட்டத்தில் குறியிட்டார். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், நடுங்கவில்லை. அப்பளம்தானே என்று நினைத்தார். ஆலையில் காவலுக்கு இருந்த இரண்டு பேர் இறந்த செய்தி மறுநாள்தான் வந்தது.

நடுவரோடு பேசும் கருவி அமைச்சகத்தின் பின்கட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் யேசுவடியாள். சங்கரவடிவைவிட ஆறு வயது மூத்தவர். கருவியின் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் இரண்டு கரையிலும் அவர்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்று மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டபோது, இப்படி ஒரு விதியை எதற்கு வைத்தார்கள் என்று சங்கரவடிவு கேட்டார்.

"எந்திரத்தச் செஞ்சவன் நல்லதுக்குத்தான் வச்சிருக்கான்," என்றார் யேசுவடியாள். "நீ அவன் அப்பள ஆலைய அடிச்சா, ஒன் அப்பள ஆலைய அவன் அடிக்கலாம். அது தெரிஞ்சா யாரும் புதுசா ஒரு வகையத் தொறக்க மாட்டான்னு கணக்குப் போட்டிருக்கான். கணக்கு சரிதான் வடிவு. மானம்னு ஒண்ணு உண்டு, அதுக்கு மனுசன் என்னவும் செய்வாம்னு அவனுக்கு யாரும் சொல்லல."

ஐந்து நாள் கழித்துக் கீழ்கரை விமானங்கள் வந்தன. எரிபொருள் கிடங்கை நோக்கித்தான் வந்தன. குழப்பிக் கோபுரம் தன் வேலையைச் செய்தது. குண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் விழுந்தது. நல்லவேளையாக முகூர்த்தம் இல்லாத மாதம். கீழ்கரை அமைச்சர் மட்டும் இளைத்தவரா? மேல்கரையின் எதிர்காலப் படைவீரர்கள் உற்பத்தியாகும் முதல்கட்ட மையம் தகர்க்கப்பட்டது என்று அவர் நாடு முழங்கியது. அறிக்கையைப் படித்த சங்கரவடிவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியும். சென்னிமலை. சமாதான காலத்தில் இரு நாட்டுக்கும் பொதுவாக நடந்த பயிற்சி வகுப்பில் அவருக்கு அடுத்த மேசை.

அதன்பிறகு மாதங்கள் போயின, இரண்டு நாடும் படிப்படியாக ஏறின. மின்நிலையத்துக்குப் போன குண்டு பேருந்துப் பணிமனையில் விழுந்தது. தொழிலாளியை ஏற்றிப்போவதால் பேருந்தும் படைக்கலமே என்று மேல்கரை அறிவித்தது. படைமுகாமுக்கு வந்த குண்டு பள்ளிக்கூடத்தின் கூரையில் விழுந்தது, விடுமுறை நாளில். கணக்குப் பாடம் படித்தவன்தான் பீரங்கி சுடுகிறான் என்று கீழ்கரை விளக்கியது. ஒவ்வொரு விளக்கத்தையும் கேட்டு மற்ற கரை காறித் துப்பியது. துப்பிவிட்டு, திறந்துவிட்ட அந்த வகையில் தனக்கு எத்தனை இலக்கு தேறும் என்று பட்டியல் எடுத்தது. நூற்றுத் தொண்ணூறாம் நாள் பொருநை நகரின் காய்கறிச் சந்தையில் விழுந்த குண்டில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். சங்கரவடிவுக்கு வாரம்தோறும் முருங்கைக்காய் நிறுத்துக் கொடுத்த அம்மாள் அவர்களில் ஒருவர். அதற்கும் கீழ்கரை முதல் கட்டத்தில்தான் குறியிட்டது. அன்றைக்குச் சென்னிமலை எழுதிய அறிக்கையில் வேடிக்கை எதுவும் இல்லை. நாலு வரிதான்.

இருநூற்றுப் பதினொன்றாம் நாள் விடியற்காலையில் மேல்கரை விமானங்கள் நொய்யல் நகரின் குழப்பிக் கோபுரத்தையே அடிக்கப் போயின. குழப்பி தன்னை அடிக்க வந்தவனையா குழப்பாமல் விடும்? குண்டுகள் ஏழாம் வட்டத்தில், தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளர்களின் குடியிருப்பில் விழுந்தன. இறந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

சங்கரவடிவின் தங்கை ஆவுடை வாழ்க்கைப்பட்டு இருப்பது நொய்யல் நகரில். ஏழாம் வட்டத்தில். அவள் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் நிலையத்தில்தான் வேலை.

காலை ஒன்பது மணிக்கு அமைச்சரிடமிருந்து கட்டளை வந்தது. குடியிருப்பு என்று போட வேண்டாம், போர்த்தொழிலாளர் உறைவிடம் என்று போடவும். மற்றபடி வழக்கம்போல. முதல் கட்டம்.

சங்கரவடிவு எழுந்து நேராகப் பின்கட்டுக்குப் போனார். யேசுவடியாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குடியிருப்பு என்ற வகை திறந்தால் என்ன ஆகும் என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை; ஆனாலும் கேட்டார்.

"வீடுன்னு ஒரு தடவ தொறந்தாச்சுன்னா அதுக்கு மேல தொறக்க ஒண்ணும் கிடையாது," என்றார் யேசுவடியாள். "ஊருன்னா வீடுதானே? குறிவைக்கக்கூட வேண்டாம், எங்க போட்டாலும் சரியா விழுந்ததாத்தான் கணக்கு. நம்மாளுவ வெள்ளிக்கிழமைக்கு நூத்தி நாப்பது விமானம் தயாரா வச்சிருக்கானுவ. அங்கயும் அப்படித்தான் வச்சிருப்பான். கதவு தொறக்கணும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு நிக்கானுவ."

அன்று செவ்வாய்க்கிழமை.

இரண்டு நாட்டு அறிக்கைப் பிரிவுகளுக்கும் நடுவே ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு அறுக்கப்படாமல் இருந்தது. ஊர்ப்பெயர்களையும் நேரத்தையும் சரிபார்த்துக்கொள்வதற்காக நடுவரே விட்டுவைத்த இணைப்பு. அதில் வேறு பேசக்கூடாது. பேசுவதெல்லாம் இரண்டு பக்கமும் பதிவாகும். சங்கரவடிவு கூப்பிட்டார். எதிர்முனையில் சென்னிமலை, வணக்கமுங்கக்கா என்றார். குரல் புகை குடித்தது போல இருந்தது. வட்டத்தின் எண்ணைச் சரிபார்த்தார்கள். நேரத்தைச் சரிபார்த்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையைச் சரிபார்த்தார்கள். பிறகு சங்கரவடிவு, எந்தெந்தத் தெரு என்று கேட்டார். படிவத்துக்குத் தெரு தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சென்னிமலை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணாந் தெருவும் நாலாந் தெருவுமுங்கக்கா. ஆறாந் தெருவுல சன்னல் கண்ணாடி மட்டுந்தானுங்க போச்சு. அங்க இருக்கறவங்க எல்லாரும் நல்லா இருக்கறாங்க. காலையில நானே போய்ப் பார்த்துப்போட்டு வந்தேனுங்க."

ஆவுடை இருப்பது ஆறாம் தெரு. பயிற்சிக் காலத்திலிருந்தே சென்னிமலைக்கு அது தெரியும். சங்கரவடிவு தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது அவர் கேட்டது தங்கையைப் பற்றி அல்ல.

"தம்பி, ஒங்க படிவத்துல ரெண்டாவது கட்டம் இருக்கா?"

"இருக்குதுங்கக்கா," என்றார் சென்னிமலை. "இதுவரைக்கும் ஆரும் தொட்டதில்லீங்க."

அவ்வளவுதான். இணைப்பு துண்டித்துக்கொண்டது.

பதினோரு மணிக்குச் சங்கரவடிவு அமைச்சரின் அறைக்குப் போனார். குற்றாலிங்கம் கெட்டவர் அல்ல. அந்த வசதியை அவர் வரலாற்றுக்குத் தரவில்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார்; போனதற்குப் படம் எடுத்துக்கொள்வார், ஆனால் போவார். அன்று காலை அவர் சாப்பிடவும் இல்லை. மேசைமேல் இட்லி ஆறிக் கிடந்தது.

சங்கரவடிவு தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அமைச்சரிடம் யோசனை சொன்னார். குண்டு தவறி விழுந்தது என்றே எழுதிவிடலாம் என்றார். வீட்டை இலக்கு என்று நாம் சொன்னால் வெள்ளிக்கிழமை அவர்களும் இங்கே வருவார்கள் என்றார். பொருநை நகரில் நாலு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றார்.

"வரட்டுமே. பதுங்கறை இருக்குல்லா," என்றார் அமைச்சர்.

"ஒங்களுக்கு இருக்கு."

குற்றாலிங்கம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சங்கரவடிவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். அடைமொழி எதுவும் போட்டுக்கொள்ளாத குரலில் பேசினார்.

"முப்பத்தொரு பேரு செத்துப் போயிருக்காவ வடிவும்மா. அது குறின்னு சொன்னா நான் போர் நடத்துனவன். தவறிப் போச்சுன்னு சொன்னா நான் யாரு? சும்மா முப்பத்தொரு பேரக் கொன்னவன். அத என் கையெழுத்துப் போட்டு நானே சொல்லணுமா?"

இருநூற்றுப் பதினொரு நாளில் அந்தக் கட்டடத்துக்குள் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான் என்று சங்கரவடிவுக்குத் தோன்றியது. அறத்தை எடுத்து வீசினால் இந்த மனிதர் நொறுங்குவார். நொறுங்கியவர் கையெழுத்துப் போட மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. இருபத்தாறு வருடம் அமைச்சர்களுக்கு அளவெடுத்த கண் ஒன்று அவருக்கு இருந்தது. இவருடைய எந்த இடத்தில் துணி இழுத்துப் பிடிக்கும் என்று அதற்குத் தெரியும்.

"நீங்க சொல்லுததும் சரிதான்யா," என்றார். "அப்ப அவ்வொளே முதல்ல சொல்லட்டும்."

"யாரு?"

"கீழ்கரை மந்திரி. காலையில சரிபார்ப்புக்குப் பேசயிலே காதுல விழுந்துது. சந்தையில போட்டது தவறிப் போச்சுன்னு ஒத்துக்கிடப் போறாவளாம். தவற ஒத்துக்கிட்ட முதல் தலைவர்னு அடைமொழிகூட எழுதி வச்சாச்சாம். பன்னிரண்டு மணிக்கு வெளிவருது."

இது முழுப் பொய். மாட்டிக்கொண்டால் தேசத்துரோகம், தூக்குக்குக் குறைந்த தண்டனை கிடையாது. சங்கரவடிவின் கை இப்போது நடுங்கியது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

குற்றாலிங்கம் சன்னலிலிருந்து திரும்பினார். முதல் தலைவரா என்று கேட்டார். ஆமாம் என்றார் சங்கரவடிவு. கோளிலேயேவா என்று கேட்டார். இதற்கு முன்னால் யாரும் இல்லையே ஐயா, அப்படியானால் கோளிலேயேதான். அமைச்சரின் முகத்தில் துக்கம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார இடம் தேடியது. அந்த ஆளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, என்றார். பத்தொன்பது பேர்தானே அவன் கணக்கு, என்றார். சொல்லிவிட்டு அந்தச் சொல் தன் காதிலேயே விழுந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"படிவம் எங்கம்மா?" என்றார்.

சங்கரவடிவு நீட்டினார். குற்றாலிங்கம் இரண்டாவது கட்டத்தில் தானே குறியிட்டார். பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தியது. இணைக்கவேண்டிய அறிக்கையைச் சங்கரவடிவு நின்றபடியே எழுதினார். அடைமொழிகள் மூன்று வரி வந்தன. அதை மட்டும் அமைச்சர் ஒரு வரியாகக் குறைக்கச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. கீழே செய்தி: "எங்கள் குண்டு குறி தவறி மக்கள் குடியிருப்பில் விழுந்தது. முப்பத்தொரு பேரைக் கொன்றுவிட்டோம். இறந்தவர்களில் யாரும் எங்கள் இலக்கு அல்ல. வருந்துகிறோம்."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு யேசுவடியாள் அதை நடுவருக்கு அனுப்பினார். திரையில் ஒரு வரி வந்தது: குடியிருப்பு, வகை திறக்கப்படவில்லை.

இனி சங்கரவடிவுக்கு மிச்சம் இருந்தது எட்டு நிமிடம். பன்னிரண்டு அடித்து, கீழ்கரையிலிருந்து எதுவும் வராவிட்டால், அமைச்சர் மேலே இருந்து இறங்கி வருவார். வரும்போது தனியாக வரமாட்டார். வெள்ளிக்கிழமை விமானங்கள் இருக்கவே இருக்கின்றன. அடுத்த குண்டுக்கு அவர் முதல் கட்டத்தில் குறியிடுவார். சங்கரவடிவு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். யேசுவடியாள் எதுவும் கேட்காமல் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

பதினொன்று ஐம்பத்தாறுக்குத் திரை மறுபடி ஒளிர்ந்தது. கீழ்கரைக் கூட்டரசிடமிருந்து திருத்தம். நூற்றுத் தொண்ணூறாம் நாள் பொருநை நகரின் காய்கறிச் சந்தையில் விழுந்த குண்டு குறி தவறி விழுந்தது. பத்தொன்பது பேர். வருந்துகிறோம். சந்தை, வகை மூடப்பட்டது.

சங்கரவடிவு திரையை இரண்டு முறை படித்தார். தன் வாயால் சொன்ன பொய் அரை மணி நேரத்தில் உண்மையாவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவர் தொழிலில் எப்போதும் உண்மைதான் பொய்யாகும்.

மத்தியானம் சரிபார்ப்பு இணைப்பில் நேரங்களைச் சொல்லிக்கொண்டபோது சென்னிமலை தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். பதிவாகும் என்பதை மறந்துவிட்டாரா, அல்லது இனிப் பரவாயில்லை என்று தோன்றியதா, தெரியவில்லை.

"நீங்க முந்திக்கப் போறீங்கன்னு எங்க மந்திரிகிட்ட ஒரு பொய்யச் சொல்லிப்போட்டேனுங்கக்கா. அவரு ஏழாம் வட்டத்துக்கு நாளைக்குப் பதிலடின்னு துள்ளிக்கிட்டு இருந்தாருங்க. எனக்கு வேற வழி தெரியிலீங்க. இப்ப நீங்க நாலு நிமிசம் முந்திப்போட்டீங்கன்னு மனுசன் என்னய வறுத்து எடுக்கறாருங்க."

சங்கரவடிவு சிரிக்கத்தான் நினைத்தார். அழுகைதான் வந்தது. தன் பொய்யையும் சொன்னார். இரண்டு பேரும் அதற்கப்புறம் ஊர்ப்பெயர் எதையும் சரிபார்க்கவில்லை.

கீழ்கரை அமைச்சர் நாலு நிமிடத் தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தையும் கல்யாண மண்டபத்தையும் சேர்த்து இரண்டு தவறுகளை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார். அவன் இரண்டு என்றால் நமக்கு எத்தனை இருக்கிறது என்று குற்றாலிங்கம் கேட்டார். தளபதி கூச்சத்தோடு, நிறைய இருக்கிறது என்றார். மத்தியானத்துக்குள் மேல்கரை பணிமனையையும் அப்பள ஆலையையும் இன்னும் மூன்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்பள ஆலையின் காவலாளிகள் இரண்டு பேரின் பெயர்களை முதன்முறையாக ஓர் அரசு அறிக்கை அச்சிட்டது. அவர்கள் பெயர்கள் அமைச்சர் பெயருக்கு மேலே இருந்தன. அதை அப்படி வைத்தது சங்கரவடிவு. அமைச்சர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேல்கரையில் ஒரு தலைவர் தவறுகளுக்கு ஆணையம் அமைத்தார் என்றால், கீழ்கரையில் அதற்குத் துறையே அமைத்தார்கள். வெட்கத்தில் பாதியும் போட்டியில் பாதியுமாகக் கிளம்பிய காரியம்தான். ஆனால் நாளுக்கு நாள் ஒவ்வொரு வகையாக மூடிக்கொண்டே வந்தது. ஏறிய படியிலேயே இரண்டு நாடும் இறங்கின. இறங்கும்போது ஏறினதைவிட வேகம்.

வெள்ளிக்கிழமை வந்தது. நூற்று நாற்பது விமானங்களும் தரையிலேயே நின்றன. பொருநை நகரில் சந்தை கூடியது. கத்தரிக்காய் வாடலாக இருந்தது என்று சண்டை நடந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தளபதி ஓடிவந்தார். விமானத் தளத்தை அடிக்க அனுமதி கேட்டால் நடுவர் தர மறுக்கிறது என்றார். விமானத் தளம் முதல் நாளிலிருந்தே முறையான இலக்கு, அதற்குமா? யேசுவடியாள் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். பிரிவு நாற்பது: தன் தாக்குதல்களில் பாதியாவது குறியை எட்டாத படை எதுவும், குறிவைக்கக் கற்றுக்கொள்ளும்வரை, குண்டு போடத் தகுதியற்றது.

"இது ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமாக்கா?" என்று சங்கரவடிவு கேட்டார்.

"மொத நாளே படிச்சேன். எவனும் தவற ஒத்துக்கிடாம நூத்துக்கு நூறு போட்டுக்கிட்டு இருந்தா நான் யார்ட்ட போய்ச் சொல்ல?" என்றார் யேசுவடியாள்.

கீழ்கரையிலும் அதே கதை. பயிற்சி எடுக்கலாம் என்றால் குழப்பிக் கோபுரங்களை இரு தரப்பும் அணைக்க வேண்டும். அணைக்க வேண்டுமானால் பேச வேண்டும். பேச உட்கார்ந்தால் சண்டைக்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆகவே சமாதானம் என்று இரு அரசுகளும் கம்பீரமாக முடிவெடுத்தன. ஒப்பந்தம் பாலத்தின் நடுவில் கையெழுத்தானது. இரண்டு கரையிலிருந்தும் ஜனம் திரண்டு வந்திருந்தது. ஆவுடை கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்; அறிக்கையில் நீ எழுதுகிற தமிழ் யாருக்கு விளங்குது என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற சென்னிமலை, அது தமக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

குற்றாலிங்கம் ஒரு மணி நேரம் பேசினார். கீழ்கரை அமைச்சர் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் பேசினார். இரண்டு வான்படைகளின் வீரமும், துல்லியமும், காலத்தால் அழியாத சாதனைகளும் விரிவாக நினைவுகூரப்பட்டன. நிறைவாக, போரின் அதிகாரபூர்வ வரலாற்றை நடுவர் தன் வாயாலேயே படிக்க வேண்டும் என்று இருவரும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

மொத்தத் தாக்குதல்கள் தொண்ணூற்றாறு, இறந்தவர்கள் நூற்று நாற்பத்தேழு பேர், குறியில் விழுந்த குண்டு ஒன்றுமில்லை என்றது நடுவர்.